தீவுக்காட்டில் ஒரு பகல்நடை



"காலமெல்லாம் காட்டுல நடந்தது போதாதா, வாத்தியாரே? லீவு நாள்லயும் காட்டுக்குத்தான் போகணுமா?"

நம் பள்ளி மாணவன் ஒருவனின் பாட்டியார் நம்மிடம் கேட்ட கேள்வி இது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டியவர் அவர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்று பெயர் கொடுத்து, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரை ஏறி, வெயில் வந்தபின் பால்வாளியைச் சுமந்து இறங்கியவர். அவரைப் பொறுத்தவரை மலை என்றால் வேலை; காடு என்றால் பாம்பும் கொசுவும். விடுமுறை நாளில் காசு செலவழித்து, கடல் தாண்டி, தீவில் உள்ள ஒரு காட்டில் வியர்வை சிந்த நடப்பதில் என்ன இன்பம் இருக்கிறது என்று அவர் கேட்டதில் நியாயம் உண்டு.

அப்படிக் கேட்டவரே பின்னர் எங்களோடு வந்தார். அன்று அவர் வராமல் இருந்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்க இன்றும் நமக்கு அச்சமாக இருக்கிறது. அந்தக் கதையைச் சொல்லுமுன், தீவுக் காடுகளில் கூட்டமாகப் பகல்நடை போவது எப்படி என்பதைச் சற்று விளக்கமாகப் பார்ப்போம்.

பினாங்கு என்றதும் நம்மில் பலருக்குக் கடைத்தெருக்களும் தைப்பூசமும் நினைவுக்கு வரும். ஆனால் அந்தத் தீவின் நடுவிலும் வடமேற்கிலும் இன்னும் காடு இருக்கிறது. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பின்னால் எழும் மலைத்தொடரின் உச்சி 833 மீட்டர். மலைமேல் செல்லும் கம்பிவட இரயில் 1923-ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கியது. அதற்கு முன்னர் மனிதர்கள் மனிதர்களைப் பல்லக்கில் சுமந்து ஏறினார்கள். உச்சியில் இன்றும் ஒரு முருகன் கோயில் உண்டு. தீவின் வடமேற்கு முனையில், தெலுக் பஹாங் என்னும் ஊருக்கு அப்பால் உள்ள காடும் கடற்கரையும் 2003-ஆம் ஆண்டில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. 2021-ஆம் ஆண்டில் மலையும் பூங்காவும் அவற்றை ஒட்டிய கடற்பகுதியும் சேர்ந்து 12,481 ஹெக்டர் பரப்பு, யுனெஸ்கோவின் உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்கப்பட்டது. கடலைப் பார்த்தவாறு காட்டுக்குள் நடப்பதற்கு இதைவிட அருகில் வேறோர் இடம் நமக்குக் கிடைப்பது அரிது.

இத்தீவில் வார இறுதிகளில் மலையேறும் குழுக்கள் பல இருக்கின்றன. நம்மைச் சேர்த்துக்கொண்ட குழுவில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். சீனர், மலாய்க்காரர், இந்தியர் என எல்லாரும் உண்டு. பேச்சு பெரும்பாலும் மலாயில். தலைவர் எழுபதை நெருங்கிய ஒரு சீனப் பெரியவர். அவரை எல்லாரும் 'அங்கிள்' என்றே அழைப்பார்கள். அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும் சொல் 'பெலான்-பெலான்', அதாவது 'மெல்ல மெல்ல' என்பதுதான்.

தீவு நடையைப் பற்றி மக்களிடையே ஒரு தவறான எண்ணம் உண்டு. "தீவுதானே! எந்தப் பக்கம் நடந்தாலும் கடல் வந்துவிடும். கடற்கரையைப் பிடித்தால் ஊருக்கு வந்துவிடலாம். இதில் வழி தவறுவது எங்கே?" என்பார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் தோன்றும். ஆனால் தீவுக் காட்டில் மனிதரை ஆபத்தில் கொண்டுபோய் விடுவது பெரும்பாலும் இந்த எண்ணமே.

காரணம் என்ன? பினாங்குத் தீவு கருங்கல்லால் ஆனது. அதன்மேல் படிந்திருக்கும் மண் பல இடங்களில் மெல்லியது. மழைநீர் மண்ணை அரித்துப் பாறையை வெளியே காட்டிவிடுகிறது. ஆகவே, மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் சீராகச் சரிந்து இறங்குவதில்லை. சிறிது தூரம் சமமாக ஓடும், பிறகு வழுக்குப் பாறையில் அருவியாக விழும். ஓடையைப் பின்பற்றி இறங்குபவர் முதல் பாறையில் எப்படியோ சறுக்கி இறங்கிவிடுவார். இரண்டாவது பாறையில் இறங்கவும் முடியாது, திரும்பி ஏறவும் முடியாது. அதையும் கடந்து கடலை அடைந்தாலும் அங்கே மணல் இருக்கும் என்பது நிச்சயமில்லை. இரண்டு மணற்கரைகளுக்கு இடையே வீடளவு உருண்டைப் பாறைகள் கிடக்கும். கடல் ஏறும் நேரத்தில் அலைகள் அவற்றின்மேல் அடிக்கும். சுற்றிலும் கடல் இருப்பதனால் மட்டும் வழி தெரிந்துவிடாது. பாதை ஒன்றே வழி. பாதையைத் தவறவிட்டோம் என்று தெரிந்தால் நின்றுவிட வேண்டும், முன்னே போகக்கூடாது.

இனி, அன்று நடந்ததைச் சொல்வோம். எங்கள் தோட்டத்திலிருந்தும் பக்கத்துத் தாமானிலிருந்தும் 17 பேர் புறப்பட்டோம். குழுவினர் 7 பேர். ஆக மொத்தம் 24 பேர். செல்லுமிடம், தேசியப் பூங்காவில் உள்ள பந்தாய் கெராச்சுட் என்னும் கடற்கரை. நுழைவாயிலிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். சமதரையில் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த நடை. ஆனால் இங்கே ஒரு மலை முதுகைத் தாண்டி மறுபுறம் இறங்க வேண்டும். கல்லும் வேரும் படிகளும் உள்ள பாதை. கூட்டமாகப் போனால் ஒன்றே முக்கால் மணி நேரம் பிடிக்கும்.

பூங்கா அலுவலகத்தில் பெயர்களைப் பதிந்தோம். இது வெறும் சடங்கன்று. மாலையில் உங்கள் பெயர் திரும்பி வந்தவர்களோடு சேரவில்லை என்றால், யாரையோ தேட வேண்டும் என்பதை இந்தப் பதிவேடே சொல்லும். பின்னர் அங்கிள் எல்லாரையும் வட்டமாக நிற்க வைத்தார். யாருக்காவது இருதய நோய், ஆஸ்துமா, நீரிழிவு உண்டா என்று கேட்டார். மூன்று பேர் கை தூக்கினர். ஆளுக்கு ஓர் ஊதல் தந்தார். மூன்று முறை ஊதினால் உதவி தேவை என்று பொருள். தம் குழுவினர் ஒருவரை முன்னே நிறுத்தினார். கடைசி ஆளாக வரும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தார். "ஆசிரியர் நீங்கள், எண்ணிப் பழகியவர்" என்று சிரித்தார்.

இறுதியில் ஒரு நேரத்தைச் சொன்னார். "பன்னிரண்டரை மணிக்குத் திரும்புவோம். அப்போது எங்கே இருந்தாலும் சரி, திரும்பிவிடுவோம்." அங்கே போய்ச் சேராவிட்டாலுமா என்று ஒருவர் கேட்டார். "சேராவிட்டாலும்தான்" என்றார். ஏன் இந்தக் கண்டிப்பு என்று அப்போது நமக்கும் விளங்கவில்லை.

பாட்டியாரின் காலணியைப் பார்த்து எங்கள் இளைஞர்கள் சிலர் கேலி செய்தார்கள். பால்வெட்டுக்குப் போகையில் அணியும் கறுப்பு ரப்பர்க் காலணிதான் அது. 'கம்போங் அடிடாஸ்' என்று ஊரார் வேடிக்கையாகச் சொல்வார்களே, அதே காலணி. ஆனால் குழுவினரில் இருவர் அணிந்திருந்ததும் அதேதான். விலை மலிவு, அடியில் உள்ள முளைகள் ஈர மண்ணைப் பிடித்துக்கொள்ளும், நனைந்தாலும் கனக்காது. விலையுயர்ந்த ஓட்டக் காலணி போட்டு வந்தவர்கள் முதல் ஈரப்பாறையிலேயே வழுக்கினார்கள். பாட்டியார் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குக் கைகொடுத்துத் தூக்கிவிடும் வேலைதான் இருந்தது.

காட்டுக்குள் நுழைந்ததும் வெயில் குறைகிறது. ஆனால் புழுக்கம் கூடுகிறது. வியர்வை ஆவியாகும்போதுதான் உடல் குளிர்கிறது. காட்டின் ஈரக்காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை, சொட்டத்தான் செய்கிறது. எனவே, நிழலில் நடந்தாலும் உடல் சூடேறும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் சிறுகச் சிறுகத் தண்ணீர் குடிக்க வேண்டும். கூடவே சிறிது உப்புள்ள தின்பண்டமும் வேண்டும். ஒரு பகல்நடைக்கு ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் என்பது எங்கள் குழுவின் கணக்கு.

மெல்ல நடப்பதால் காட்டைக் காணவும் முடிந்தது. கடலோர மலைகளில் காணப்படும் சிராயா மரங்களைக் காட்டினார்கள். 1884-ஆம் ஆண்டில் பினாங்குத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய சார்லஸ் கர்ட்டிஸ் என்பவரின் பெயரை அந்த மரம் தன் அறிவியற்பெயரில் தாங்கி நிற்கிறது. கிளைகளில் லோத்தோங் குரங்குகள் உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருந்தன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் கொண்ட அவை மூக்குக்கண்ணாடி போட்ட பெரியவர்களைப்போல் எங்களைப் பார்த்தன. தாயின் மடியில் இருந்த குட்டி மட்டும் பொன்னிறம். வளர வளர அந்த நிறம் மாறிவிடுமாம்.

கடற்கரைக்கு அருகே ஒரு விந்தையான ஏரி உண்டு. மலையிலிருந்து வரும் நன்னீர் மேலே நிற்கிறது. கடலிலிருந்து வரும் உப்புநீர் கனமானதால் அடியில் தங்குகிறது. இரண்டும் கலப்பதில்லை. மழைக்காலத்தில் நிறையும் இந்த ஏரி, வறட்சியில் வற்றிவிடும். கரையில் கடலாமைகள் முட்டையிட வருகின்றன. அங்குள்ள ஆமைக் காப்பகத்தில் முட்டைகளைப் பாதுகாத்துக் குஞ்சுகளைக் கடலில் விடுகிறார்கள். ஆமைக்குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் சூடு என்று சொன்னபோது எங்கள் பிள்ளைகள் வாய்பிளந்தனர். வகுப்பறையில் ஒரு மாதம் சொன்னாலும் இவ்வளவு பதியாது.

சரியாகப் பன்னிரண்டரைக்குத் திரும்பினோம். வானம் தெளிவாக இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தால் என்ன என்று சிலர் முணுமுணுத்தார்கள். உண்மையைச் சொன்னால், நாமும் முணுமுணுத்தோம்.

மலை முதுகை நெருங்குகையில் எங்கள் தோட்டத்து லாரி ஓட்டுநர் நமக்கு முன்னால் நின்றார். "நீங்க நடங்க வாத்தியாரே, கயிறு கட்டிட்டு ஓடியாந்துடறேன்" என்று குனிந்தார். அவர் நம் நெடுநாளைய நண்பர். அவருக்கு நீரிழிவு உண்டு என்பது நமக்குத் தெரியும். காலையில் அவர் கை தூக்கவில்லை என்பதையும் நாம் கவனித்தோம். நாலு பேர் நடுவில் கூச்சப்படுகிறார், நாம் ஏன் சொல்ல வேண்டும் என்று இருந்துவிட்டோம். கடைசி ஆளுக்குப் பின்னால் இன்னொருவர் இருக்கக்கூடாது என்பதுதான் நமக்குத் தந்த ஒரே விதி. அந்த விதியையும் அப்போது விட்டோம். மெல்ல நடந்தோம், முன்னே போனவர்களோடு பேச்சு வளர்ந்தது, பின்னால் காலடி கேட்பதாகவே எண்ணிக்கொண்டோம்.

அடுத்த நிறுத்தத்தில் அங்கிள் எண்ணினார். 23. மறுபடி எண்ணினார். 23.

அவர் நம்மைக் கடிந்துகொள்ளவில்லை. மூன்று கேள்விகள் கேட்டார். கடைசியாகக் கண்டது எங்கே? எத்தனை மணிக்கு? என்ன நிறச் சட்டை? பிறகு எல்லாரையும் இருந்த இடத்திலேயே உட்காரச் சொன்னார். ஆளுக்கொரு திசையில் தேடக் கிளம்பினால் காணாமற்போனவர்கள் இருவர் ஆவார்கள், மூவர் ஆவார்கள். அங்கிளும் நாமும் மட்டும் திரும்பினோம். அழைக்காமலே பாட்டியாரும் பின்னால் வந்தார். "நிரை தெரியாதவளா நான்?" என்றார்.

நண்பர் கயிறு கட்டிய இடத்துக்குச் சற்று மேலே ஒரு பழைய ஒற்றையடிப்பாதை பிரிந்து இறங்கியது. நாம் அதைக் கடந்து போய்விட்டோம். பாட்டியார் நின்றார். சருகு புரண்டு ஈரப்பக்கம் மேலே தெரிந்தது. ஒரு செடி புதிதாக ஒடிந்திருந்தது. "இப்பதான் ஆள் இறங்கியிருக்கு" என்றார். ஊதலை ஊதினோம். பதில் இல்லை. அறுபது எட்டுக்குள் அவரைக் கண்டோம். மரவேரைப் பிடித்து நின்றார். சட்டை நனைந்திருந்தது, கை நடுங்கியது, பேச்சு குழறியது. நம்மைக் கண்டும் அடையாளம் தெரியவில்லை. "கீழ போனா கடல் வந்துடும், கடல் வந்துடும்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்குக் கீழே, பாறையில் தண்ணீர் விழும் ஓசை கேட்டது.

பேருந்தில் வாந்தி வரும் என்று அவர் பசியாறாமல் வந்திருக்கிறார். ஆனால் சர்க்கரை நோய்க்கான மாத்திரையை மட்டும் மறக்காமல் விழுங்கியிருக்கிறார். சில மாத்திரைகள் உணவு இல்லாவிட்டாலும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே இருக்கும். மலையேறும் தசைகளும் சர்க்கரையை எரிக்கும். இரண்டும் சேர்ந்தால் மூளைக்கு வேண்டிய சர்க்கரை கிடைக்காமற் போகும். அப்போது வியர்வை, நடுக்கம், குழப்பம், பிடிவாதம் எல்லாம் வரும். குடித்தவரைப்போல் தோன்றும். கவனிக்காமல் விட்டால் மயக்கம். அதற்கு மேல் உயிருக்கே ஆபத்து.

பாட்டியார் பையிலிருந்து குடுவையை எடுத்தார். சீனி நிறையப் போட்ட தேத்தண்ணி. "ஏம்பா, உட்காரு, ஒரு வாய் குடி" என்று பிள்ளைக்குப் புகட்டுவதுபோல் புகட்டினார். அதுவே சரியான மருத்துவம். நினைவு இருந்து, விழுங்கவும் முடிந்தால், மூன்று தேக்கரண்டிச் சீனி அளவு இனிப்பு தந்து, பதினைந்து நிமிடம் பார்த்து, தேறாவிட்டால் மறுபடி தர வேண்டும். தேறியபின் ரொட்டி, பிஸ்கட் போன்ற உணவு தர வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். உடனே 999-ஐ அழைக்க வேண்டும். கால் மணி நேரத்தில் அவர் நிமிர்ந்து பார்த்து, "என்ன வாத்தியாரே, எல்லாரும் இங்க நிக்கிறீங்க?" என்றார். நம்மால் பதில் சொல்ல முடியவில்லை.

அதன்பின் அங்கிள் அவரைத் தமக்கு அடுத்த ஆளாக முன்னே நடத்தினார். தளர்ந்தவரைப் பின்னே விட்டால் அவர் மேலும் பிந்துவார். முன்னே விட்டால் குழு முழுவதும் அவர் நடைக்கு நடக்கும். ஒன்றே முக்கால் மணி நேரத்துப் பாதைக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று. நான்கு மணிக்கு நுழைவாயிலை அடைந்து பெயர்களைச் சொன்னபோது இடி முழங்கி மழை கொட்டத் தொடங்கியது. அப்போதுதான் பன்னிரண்டரை மணியின் பொருள் நமக்கு விளங்கியது. மாலை மழைக்கும் இருட்டுக்கும் முன்னால் நேரத்தை மிச்சம் வைப்பது, எல்லாம் சரியாக நடக்கும் நாளுக்காக அன்று. ஒன்று தவறும் நாளுக்காக. அரங்கேறாத ஓர் ஆபத்துக்காகச் சேர்த்துவைக்கும் காசு அது.

நேயர்களே, கூட்டமாக நடக்க விரும்புவோர் மனத்தில் கொள்ள வேண்டியவற்றைச் சுருங்கச் சொல்வோம். நான்கு பேருக்குக் குறையாமல் செல்லுங்கள். ஒருவர் காயமுற்றால் ஒருவர் துணையிருக்க, இருவர் உதவி தேடலாம். பள்ளத்தாக்குகளில் கைப்பேசியில் தொடர்பு கிடைக்காது என்று எண்ணியே திட்டமிடுங்கள். புயலுக்குப் பின் பாதைகள் மூடப்படுவது உண்டு. காப்புக்காடுகள் சிலவற்றில் நுழைய வனத்துறையின் அனுமதிச்சீட்டும் வேண்டும். முன்னரே கேட்டறியுங்கள். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று எண்ணுங்கள். திரும்பும் நேரத்தைக் கிளம்புமுன் தீர்மானியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, நோயை மறைக்காதீர்கள். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இருபது பேர் நடந்தால் அவர்களில் நால்வருக்கு இருக்கலாம். அதைச் சொல்வதில் வெட்கம் என்ன? நோயுள்ளவர் நடக்கக்கூடாது என்பதன்று. நடை அவர்களுக்கு நன்மையே. மருத்துவரைக் கேட்டுவிட்டு, பசியாறிவிட்டு, பையில் இனிப்போடு, உடன் வருபவருக்குச் சொல்லிவிட்டு நடக்க வேண்டும் என்பதே.

நமக்கும் ஒரு பாடம் உண்டு. பிறர் கூச்சத்தை மதிப்பது பண்புதான். ஆனால் காட்டுக்குள் அந்தப் பண்பு ஒரு மனிதரைத் தனியே விட்டுவிடக்கூடும். நண்பரை ஓரமாக அழைத்து, "அங்கிளிடம் மட்டும் சொல்லிவிடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லாத குறை இன்றளவும் நம்மிடம் இருக்கிறது.

அந்த நண்பர் இப்போதும் எங்களோடு நடக்க வருகிறார். வட்டத்தில் முதலில் கை தூக்குபவரும் அவரே. பாட்டியாரும் வருகிறார். காட்டில் என்ன இன்பம் என்று இப்போது கேட்பதில்லை. கடல் தெரியும் இடம் வந்தால் சற்று நேரம் பேசாமல் நிற்பார். ஆனால் நுழைவாயிலிலும், ஒவ்வொரு பிரிவிலும், திரும்பும்போதும் எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பவர் அவர்தான். பழைய பெரட்டுக்களத்தில் பெயர் அழைத்தது கூலிக்கணக்குக்காக. இங்கே அழைப்பது, போனவர் அனைவரும் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காக. கடைசிப் பெயருக்கும் பதில் வந்த பிறகே நாங்கள் நகர்கிறோம்.